ஏழாவது பாட்டுக்கு எழும்பிப் போனவர்கள்

பொத்துவில் மைதானத்தில், முந்நூறு பிளாஸ்டிக் கதிரைகள் ஒரே நேரத்தில் பின்னால் தள்ளப்படும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். மணலில் தள்ளப்படுவதால் அது பெரிய சத்தமல்ல. ஒரு பெருமூச்சு மாதிரி. ஊரே சேர்ந்து விட்ட பெருமூச்சு.

பாடகர் சிமாஸ் மேடையில் ஏழாவது பாட்டைத் தொடங்கியிருந்தார். வெயில் மஞ்சளாகியிருந்தது. கடற்காற்று மைக்குக்குள் புகுந்து தானும் இரண்டு வரி பாடிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளனாகிய நான் மேடையோரத்தில், கையில் தாளோடும் முகத்தில் கவிஞனுக்குரிய அடக்கத்தோடும் நின்றுகொண்டிருந்தேன். அந்த அடக்கத்தை வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு நாள் பழகியிருந்தேன். ஏனென்றால் ஏழாவது பாட்டை எழுதியவன் நான்.

முதல் வரி முடிந்தது. முன்வரிசை எழும்பியது. இரண்டாவது வரி முடிவதற்குள் நடுவரிசைகளும் எழும்பிவிட்டன. கோபமாகப் போயிருந்தால்கூட அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். யாருக்கும் கோபமில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கப் போகிறவர்களின் நிதானத்தோடு, மைதானத்து மூலையில் வேர்க்கடலை வறுத்துக்கொண்டு நின்ற கச்சான் வண்டியை நோக்கி நடந்தார்கள். எட்டாவது பாட்டு தொடங்கியதும் கடதாசிச் சுருளில் கச்சானோடு திரும்பி வந்து, அதே கதிரைகளில் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

பச்சை வலை கட்டி மறைத்திருந்த பெண்கள் பகுதியில் மட்டும் ஒருவரும் எழும்பவில்லை. அதைப் பார்த்து எனக்குச் சின்ன ஆறுதல். கிட்டப் போனபோது விளங்கியது. அவர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

கவிஞனான கதை

சென்ற வாரம் இந்தப் பத்தியில், நான் நாற்பது வயதில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகிய கதையைப் படித்துவிட்டு, "இதைவிடக் கீழே போக இடமில்லை, இனி உங்களுக்கு ஏறுமுகம்தான்" என்று ஒரு வாசகர் ஆறுதல் சொல்லி எழுதியிருந்தார். அவருடைய நம்பிக்கையைக் கெடுப்பதற்காகவே இந்தப் பகுதி.

சிமாஸ் பிறந்தது மருதமுனையில். கலியாணம் முடித்தது அக்கரைப்பற்றில். பாடுவது கொழும்பில். பொப் பாடகர். கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ்களில் ஏறினால், அவருடைய பாட்டைக் கேட்காமல் மகியங்கனையைத் தாண்ட முடியாது. போன வருடம் பத்துப் பாட்டுகளோடு புதிய தொகுப்பொன்றை வெளியிட முடிவு செய்தார். பெயர் 'அலைக்கு அங்கால'. ஒன்பது பாட்டுகளைக் கொழும்பில் ஒரு பொடியன் தொலைபேசியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டான். மிஞ்சிய ஒன்றுக்கு என்னிடம் வந்தார். நான் பத்திரிகையில் எழுதுகிறவன், ஆகவே எதையும் எழுதுவேன் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"காக்கா, கலியாணத்தப் பத்தி ஒரு பாட்டு வேணும். கேட்டா உம்மாமார்ர கண் கலங்கணும்" என்றார். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்.

கந்தோரில் மூன்று நாள் லீவு போட்டேன். புத்தக அலுமாரியைத் திறந்தேன். தமிழில் உம்மாமார் அழுவதற்கா பஞ்சம்? சங்க காலத்திலிருந்தே மகள் வாசலைத் தாண்டிப் போகிறாள், பெற்றவளும் வளர்த்தவளும் அழுகிறார்கள். பந்து கிடக்கிறது, பாவை கிடக்கிறது, மகளைக் காணோம். இரண்டாயிரம் வருட அழுகையை மூன்று நாளில் படித்து, நான்காம் நாள் விடியற்காலை சுபஹு தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து எழுதினேன்.

"வாசற்படி தாண்டுகிறாய் மகளே – உன்
வளையோசை இன்றியினி முற்றமே
பூச்செடியும் பெயர்சொல்லிக் கேட்குமே – நீ
போனஇடம் எங்கெனநான் சொல்லுவேன்"

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. ஒரு எழுத்தாளன் சந்தேகப்பட வேண்டிய முதல் அடையாளம் அதுதான். நான் சந்தேகப்படவில்லை.

சிமாஸ் மெட்டுப் போட்டார். நல்ல மெட்டு. கேட்ட எல்லோரும் மெட்டு நல்லது என்றார்கள். அவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டதை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காமல், சாய்ந்தமருதில் எங்கள் தெருவில் ஒருவர் விடாமல் போட்டுக் காட்டினேன். என் மனைவி ஜெஸீமாவுக்கு எத்தனை முறை போட்டேன் என்று கேட்காதீர்கள். கடைசியில் அவள் அதைக் கேட்டபடியே மீன் அறுக்கப் பழகிவிட்டாள்.

முதற்பிரதி என்றொரு சங்கடம்

இந்த இடத்தில் முதற்பிரதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நம்முடைய ஊர்களில் எதை வெளியிட்டாலும், முதற்பிரதியை ஒரு பிரமுகர் பெற்றுக்கொள்ள வேண்டும். நூல் என்றால் நூல், இறுவட்டு என்றால் இறுவட்டு. பிரமுகர் சால்வையோடு நிற்பார், படம் பிடிப்பார்கள், அவர் அந்த நூலை வாழ்நாளில் திறக்கமாட்டார். அது அவர்களுக்குள் ஓர் உடன்படிக்கை.

இப்போது பாட்டு எங்கே இருக்கிறது? தொலைபேசிக்குள் இருக்கிறது. பிரமுகர் எதைப் பெற்றுக்கொள்வது? சிமாஸின் ஆட்கள் யோசித்து, கறுப்புக் கட்டங்கள் நிறைந்த சதுரப் படமொன்றைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். அதைத் தொலைபேசியால் பார்த்தால் பாட்டு வருமாம். பொத்துவில் பிரமுகர் சட்டத்தை இரண்டு கையாலும் வாங்கினார், படம் பிடித்தார்கள், பிறகு சபையோர் முன்னிலையில் தொலைபேசியை எடுத்துப் பிடித்தார். சிக்னல் இல்லை. வலப்பக்கம் பிடித்தார், இடப்பக்கம் பிடித்தார், மேடை விளிம்புக்குப் போய்க் கடலை நோக்கிப் பிடித்தார். கடைசியில் சட்டத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஊட்ட போய்ப் பார்ப்பம்" என்று இறங்கினார்.

முதற்பிரதி பெற்றவர்களில் உண்மையாகவே அதைத் திறந்து பார்க்க முயன்ற முதல் மனிதர் அவர்தான். அவருக்கு என் வணக்கம்.

அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில்

பயணம் ஐந்து ஊர்களுக்கு. பொத்துவில், அக்கரைப்பற்று, ஒலுவில், நிந்தவூர், கடைசியாக மருதமுனை. சனியும் ஞாயிறும் மட்டும். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஏறி வந்தோம்.

ஊர்ப் பள்ளிவாசல்களில் நிகழ்ச்சிக்குக் கேட்டபோது எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைத்தது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த பிறகு தொடங்குங்கள், மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது மேடையில் சத்தம் இருக்கக்கூடாது. சூரியன் மறையும் நேரத்தை யாரும் பின்போட முடியாது என்பதால், உலகத்திலேயே குறித்த நேரத்தில் முடிந்த பொப் இசைப் பயணம் இதுவாகத்தான் இருக்கும். கொழும்பு வாத்தியக்காரர்கள் முதல் நாள் இதை நம்பவில்லை. பொத்துவிலில் பத்தாவது பாட்டின் நடுவில் ஒலிபெருக்கிக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் மின் ஆளியை அணைத்த பிறகு நம்பினார்கள்.

எங்களோடு வந்த வாத்தியக்காரர்களில் கொழும்பு வாசம் படாதவர் டிரம்ஸ் அடிக்கிற ஜீவா. வீரமுனைக்காரர். நேரக் கணக்கை அவர்தான் பார்த்தார். மேற்கே தென்னையின் எந்த மட்டைக்கு வெயில் இறங்கியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப அடியைக் கூட்டுவார். கடைசி மூன்று பாட்டுகளும் எப்போதும் கொஞ்சம் ஓட்டமாகவே இருந்தன.

இனி என் பாட்டு. அக்கரைப்பற்றில் அதை நான்காவதாக மாற்றினார்கள். சனம் நான்காவதிலேயே எழும்பிப் போனது. ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது, படித்தவர்கள் வருவார்கள், அவர்களுக்கு விளங்கும் என்று நம்பினேன். படித்தவர்கள் கொஞ்சம் வேகமாக எழும்பினார்கள். அந்த ஊரில் கடல் கரையை அரித்துக்கொண்டிருக்கிறது. என் பாட்டு கூட்டத்தை அரித்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. அறிவிப்பு என் கையில்தானே. பொத்துவிலில் "அடுத்து ஒரு பாடல்" என்று சொன்னவன், அக்கரைப்பற்றில் "உள்ளம் உருக்கும் பாடல்" என்றேன். ஒலுவிலில் "தாய்மாரே, கைக்குட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் கைக்குட்டையை எடுத்துக் கதிரையில் விரித்து இடம்பிடித்துவிட்டுக் கச்சான் வாங்கப் போனார்.

ஒரேயொரு ரசிகர்

இந்தப் பயணத்தில் என் பாட்டுக்கு ஒரு ரசிகர் இருந்தார். கச்சான்காரர் மீராலெப்பைக் காக்கா. அக்கரைப்பற்றுக்காரர். பொத்துவிலில் தற்செயலாக வந்தவர், அதற்குப் பிறகு எல்லா ஊருக்கும் வண்டியை ஓட்டோவில் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்பே வந்து நின்றார். வந்ததும் என்னைத்தான் தேடுவார்.

"சேர், இண்டைக்கு ஒங்கட பாட்டு எத்தினியாவது?"

நான் சொல்வேன். அவர் அதற்கேற்ப மணலைச் சூடாக்கத் தொடங்குவார். பாட்டு ஆறாவது என்றால் ஐந்தாவதில் கச்சான் வறுபட்டு இறங்கும். என் எழுத்தை இவ்வளவு திட்டமிட்டு எதிர்பார்த்த வாசகரை நான் இதற்கு முன் கண்டதில்லை. பத்திரிகை ஆசிரியரும் கண்டதில்லை என்றே நினைக்கிறேன்.

நிந்தவூரில் நிகழ்ச்சி முடிந்து, மஃரிபு தொழுதுவிட்டு வந்து, எங்களை ஏற்றி வந்த வானுக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம். சிமாஸ் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர். கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன் என் சட்டைக் கொலரைச் சரிசெய்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மருதமுனை. அவர் பிறந்த ஊர். அவருடைய உம்மா இதுவரை மகன் மேடையில் பாடிப் பார்த்ததில்லை. இம்முறை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். உம்மாவுக்கு முன்னால் சனம் எழும்பிப் போனால் அந்த மனுசி அதைப் பாட்டின் குறையாக எடுக்கமாட்டார், மகனின் குறையாகத்தான் எடுப்பார்.

"அதால காக்கா, மருதமுனையில மட்டும் அந்தப் பாட்ட விட்டிருவம்" என்றார்.

மருதமுனை நான் பிறந்த ஊரும்தான். என் பாட்டு வருகிறதென்று அங்குள்ள கூட்டாளிகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஜெஸீமாவும் அந்த ஒரு நிகழ்ச்சிக்குத்தான் வருவதாக இருந்தாள். ஐந்து ஊர்களில் நான்கில் தோற்ற பாட்டு, ஐந்தாவது ஊரில் இல்லாமலே போகப்போகிறது. "சரி தம்பி" என்றேன்.

எனக்காகப் பரிந்து பேசியவர் மீராலெப்பைக் காக்கா ஒருவர்தான். எப்படியோ கேள்விப்பட்டு வானுக்குக் கிட்ட வந்துவிட்டார்.

"தம்பி, எதையெண்டாலும் நிப்பாட்டுங்க, அந்தப் பாட்ட நிப்பாட்டாதீங்க. மனிசன் எவ்வளவு நேரம் குந்திக்கிட்டு இரிக்கிற? எழும்பிறத்துக்கும் ஒரு பாட்டு வேணும்தானே."

சிமாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வானுக்குள் ஏறிவிட்டார்.

பெட்டியோடு வந்தவன்

வீட்டுக்கு வந்து, சோறு போட்டுக்கொண்டிருந்த ஜெஸீமாவிடம் விசயத்தைச் சொன்னேன். நம் மக்களின் ரசனை கெட்டுவிட்டது, பழந்தமிழ் மரபு தெரியாத சமூகம், பெற்ற வீட்டைவிட்டுப் போகிற மணமகளின் வேதனை இவர்களுக்கு எங்கே விளங்கப் போகிறது என்று ஒரு கட்டுரையளவு பேசினேன். அவள் மீன்குழம்பை ஊற்றினாள்.

"இஞ்சப் பாருங்க, அந்தப் பிள்ள எங்க போகுது?" என்று கேட்டாள்.

"எந்தப் பிள்ள?"

"பாட்டுல வாற பிள்ளதான். வாசலத் தாண்டிப் போகுதே. எங்க போகுது?"

"புருசன் வீட்டுக்கு."

"எந்த ஊர்ல பொண்ணு மாப்புளட ஊட்ட போற? இஞ்ச நீங்கதானே பெட்டியோட வந்தீங்க."

தலையைத் திருப்பி, நான் பெட்டியோடு ஏறி வந்த வாசலைப் பார்த்தேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் கரையில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். முஸ்லிம்களுக்கும் அப்படித்தான், தமிழர்களுக்கும் அப்படித்தான். வீடு மகளுக்கு. மகன் என்பவன் வளர்ந்ததும் இன்னொரு வீட்டுக்குப் போகிறவன். பெண் தான் பிறந்த வீட்டில், தன் உம்மாவின் அடுப்படியிலேயே இருப்பாள். அவள் வாசலைத் தாண்டுவதென்றால் பக்கத்து வீட்டுக்குச் சீனி கேட்கப் போனால்தான் உண்டு.

நான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடமாகிறது. வந்த அன்று என் கையில் ஒரு பெட்டி இருந்தது. பின்னால் வந்த ஓட்டோவில் ஐந்து பெட்டி புத்தகங்கள் வந்தன. வாசலில் பைத்து என்கிற வாழ்த்துப்பாட்டுப் படித்து இறக்கினார்கள், தலைக்கு மேல் குடை பிடித்தார்கள், புதுச் சப்பாத்து கடித்துக் குதிக்கால் எரிந்தது. புத்தகப் பெட்டிகளைத் தூக்கிய மச்சான்மார், மாப்பிள்ளை தங்கம் கொண்டுவந்திருப்பதாக நினைத்து மிகவும் கவனமாக இறக்கினார்கள். திறந்து பார்த்தபோது அவர்கள் முகம் போன போக்கை இன்றைக்கும் கண்ணால் காண்கிறேன்.

இவ்வளவும் நடந்த ஆள்தான், அந்தப் புத்தகங்களையே திறந்து வைத்துக்கொண்டு, மணமகள் வீட்டைவிட்டுப் போகிறாள் என்று பாட்டு எழுதியிருக்கிறேன். பொத்துவில் சனம் எழும்பிப் போனதில் ஆச்சரியமில்லை. அந்தப் பிள்ளை எங்கே போகிறாள் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. கச்சான் சூடாக இருந்தது.

இத்தனை முறை கேட்டாயே, ஏன் சொல்லவில்லை என்று ஜெஸீமாவிடம் கேட்டேன்.

"நீங்க நல்லா இரிக்கா எண்டுதான் கேட்டீங்க. சரியா எண்டு கேக்கல்லியே."

அடுத்த நாள் ஜீவாவுக்கு அழைத்து, உங்களுக்காவது இது தெரியாதா, நீங்களும் மாமியார் வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, வாத்தியக்காரர் எல்லோரும் அதை ஏதோ இந்தியாக் கலியாணம் என்று நினைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

அந்தக் கிழமை முழுவதும் கந்தோரில் நான் செய்த வேலை அரசாங்கத்துக்குத் தெரியவேண்டாம். மகளை வீட்டில் இருத்திவிட்டு மகனை அனுப்பினேன். மெட்டு மாறவில்லை, ஆள் மட்டும் மாறினான். ஆனாலும் முதல் வரியில் நின்றுகொண்டே இருந்தேன். அதையும் ஜெஸீமாதான் தீர்த்து வைத்தாள். அவளுடைய தம்பி கலியாணமாகிப் போன அன்று, எல்லோரும் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன பிறகு, அவன் இடுப்பில் கட்டிப் பழகி, காலையில் துவைத்துப் போட்ட சாரன் பின்வளவுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததாம். அதை எடுத்து மடித்து வைத்தது தான்தான் என்றாள். சொல்லிவிட்டு, உள்ளி உரிக்கப் போய்விட்டாள்.

"புதுப்பெட்டி கையோட போறான் – அவன்
பழஞ்சாரன் கொடியில காயுது
நாலு தெரு தள்ளித்தான் அந்த ஊடு – அது
நாலு கடல் தூரமாத் தோணுது"

தொலைபேசியில் சிமாஸுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது சரணத்தில் உம்மா படியில் நின்று அழுகிறாள் என்பதையும் வாசித்தேன். அவருடைய உம்மாவுக்குப் பிள்ளைகள் ஐந்து பேரும் ஆண்கள். ஐவரும் ஐந்து ஊர்களில் மாப்பிள்ளைகள்.

"அனுப்புங்க காக்கா. சனிக்கிழம பாடுறன்" என்றார்.

மருதமுனை

சனிக்கிழமை வெயில் நல்ல பிள்ளையாக இருந்தது. மைதானத்தின் நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் வீதிவரை நின்றன. வலைக்கு அப்பால் ஜெஸீமா எங்கேயோ இருந்தாள். சிமாஸின் உம்மாவும் அங்கேதான் முன்வரிசையில், நடுவில், இரண்டு பக்கமும் மருமக்கள் சூழ இருப்பதாகத் தகவல் வந்தது.

மீராலெப்பைக் காக்காவிடம் பாட்டு ஏழாவது என்று சொல்லியிருந்தேன். அவர் ஆறாவதிலேயே வறுத்து இறக்கிவிட்டார். வரிகள் மாறியதை மட்டும் சொல்லவில்லை. ஒரு வியாபாரியின் மனதை வேளையோடு கலைப்பானேன்.

இம்முறை நான் ஒரு அடைமொழியும் போடவில்லை. "ஏழாவது பாட்டு" என்றேன், ஒதுங்கிக்கொண்டேன். தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

முதல் வரி. முன்வரிசையில், நிந்தவூரிலும் நான் பார்த்திருந்த ஒருவர் பழக்கதோசத்தில் பாதி எழும்பினார். இரண்டாவது வரியில் சாரன் கொடியில் காய்ந்தது. அவர் எழும்பிய பாதியிலேயே நின்றார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். கதிரைகள் அசையவில்லை. ஆண்கள் பக்கத்தில் சிலர் ஒருவரையொருவர் பார்த்து, பிடிபட்டவர்கள் மாதிரிச் சிரித்தார்கள்.

'புதுப்பெட்டி கையோட போறான்' என்று சிமாஸ் இரண்டாம் முறை எடுத்தபோது வலைக்குப் பின்னாலிருந்து ஒரு குரவைச் சத்தம் எழும்பியது. எங்கள் வீடுகளில் மாப்பிள்ளை படியிறங்கும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றிப் போடுகிற குரவை. வயதான குரல், ஆனால் நீளமான மூச்சு. அது யாருடையது என்று சிமாஸின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். பிறகு வலைக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

கொழும்பு கிற்றார்காரர் ஏதோ ஆபத்தென்று நினைத்து வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஜீவா நிறுத்தவில்லை. குரவை முடியும் இடத்தில் ஓர் அடி வைத்தார், அடுத்த குரவைக்கு இடம் விட்டு இன்னோர் அடி வைத்தார். சிமாஸ் அந்த வரியை மறுபடி பாட, அவர்கள் மறுபடி குரவையிட, பாட்டு முடிவதாக இல்லை. இரண்டாவது சரணத்தை மட்டும் மூன்று முறை பாடச் சொல்லிக் கேட்டார்கள். தென்னையின் கடைசி மட்டைக்கு வெயில் இறங்கியபோது, தொகுப்பின் தலைப்புப் பாட்டான 'அலைக்கு அங்கால' இன்னும் பாடப்படவில்லை. பாடப்படாமலே பாங்கு கேட்டது.

பாங்குக்கு முந்திய நிமிடத்தில், இறங்குவதற்கு முன் சிமாஸ் மைக்கில் என் பெயரைச் சொன்னார். ஊரின் பேனாக்காரர் என்றார். நான் பழகி வைத்திருந்த அடக்கம் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. பல் முழுவதும் தெரிந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

மீராலெப்பைக் காக்கா வண்டியில் கச்சான் குவியல் அப்படியே இருந்தது. ஆளைக் காணவில்லை. தேடினால், வலைக் கம்பத்தைப் பிடித்தபடி நின்று பாட்டுக் கேட்டிருக்கிறார். அவருக்கும் மூன்று ஆண் பிள்ளைகள் என்று அன்றைக்குத்தான் தெரியும். ஒரு சுருள் கச்சானை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது ஜெஸீமா வந்தாள். பாராட்டுக்காக நான் கொஞ்சம் மெதுவாகவே திறப்பைத் திருப்பினேன்.

"உம்மாக்கு சொன்னீங்களா, இண்டைக்கு ஒங்கட பாட்டு எண்டு?" என்று கேட்டாள்.

நான் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன்.

மைதானத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் என் உம்மா இருக்கிறா. நான் பிறந்த வீடு, இப்போது தங்கச்சியின் வீடு. முழங்கால் நோவினால் அதிகம் வெளியே போவதில்லை. நாங்கள் போனபோது முன்விறாந்தையில் கதிரையில் இருந்தா. நான்கு மூலைக்கும் ஒலிபெருக்கி கட்டினால் இரண்டு தெரு ஒரு தூரமா.

"ஒண்ட பேர அந்தப் பொடியன் மைக்குல சொன்னான். கேட்டன்" என்றா.

பாட்டு எப்படி என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு, கேட்காமல் கேட்டேன்.

"பாட்டு சரி. அதுல ஒரு பொய் இரிக்கி" என்றா உம்மா. "படியில நிண்டு உம்மா அழுதாளாம். நான் எங்க அழுதன்? அண்டைக்கு ஊட்ட எத்தின சனம். சோறு பத்துமா, பாய் பத்துமா எண்டு ஓடித் திரிஞ்சன். நீ இறங்கிப் போனத நான் காணவுமில்ல."

தங்கச்சி தேத்தண்ணி கொண்டுவந்தாள். உம்மா கோப்பையை வாங்கி, ஆறட்டும் என்று மடியில் வைத்துக்கொண்டா.

"மத்த நாள் சுபஹுக்கு ஒன்ன எழுப்புறத்துக்கு அறைக்குள்ள போனன். சுருட்டின பாய்தான் கிடந்திச்சி" என்றா.

ஜெஸீமா என்னைப் பார்க்கவில்லை. உம்மாவின் மடியிலிருந்த கோப்பை சரிந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல் அந்த விறாந்தையிலிருந்தே சிமாஸுக்கு அழைத்தேன். அவர் இன்னும் தன் உம்மா வீட்டில்தான் இருந்தார். பின்னால் பீங்கான் சத்தமும் சிரிப்பும் கேட்டன. மாற்றிய பாட்டைத் திங்கட்கிழமை கொழும்பில் திரும்ப ஒலிப்பதிவு செய்யப் போவதாகச் சந்தோசமாகச் சொன்னார். இரண்டாவது சரணத்தைத் தொடவேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள், மாற்ற வேண்டும் என்றேன்.

"ஏன் காக்கா? சனம் திரும்பத் திரும்பக் கேட்டது அதத்தானே."

"ஓம் தம்பி" என்றேன். "ஆனா அதுல உம்மா ஒரு நாள் முந்தி அழுறா."